துணை ஆயருக்கு அடுத்து என்ன?

சென்னையில் இருந்ததுபோலத் துணை ஆயர் என்றால் யார்? ஆயருக்குப் பின் அவர்தான் ஆயரா? – வாசகர், குற்றாலம்

இல்லை, அந்த உரிமை துணை ஆயருக்குக் கிடையாது. உறுதிபூசுதல், குருப்பட்டம், பங்கு விசாரணை என ஆயரின் சுமையைப் பகிர்பவர் அவர். ஆனால் ஆயருக்குரிய திருநிலைப்பாடு முழுமையானது. அதில் குறைவே இல்லை. சொந்த மறைமாவட்டம் இல்லாததால், வழக்கொழிந்த ஒரு பழைய மறைமாவட்டத்தின் பெயரில் பட்டம் வழங்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, லாரன்ஸ் பயஸ் துரைராஜ் 1998-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் துணை ஆயரானார். தலைநகரின் பெரும்பணியில் பல்லாண்டு தோள்கொடுத்தவருக்கு, 2012-இல் தருமபுரி ஆயர் பொறுப்பு வந்தது. உழைப்புக்கேற்ற உயர்வு அது.

பொதுவாகப் பெரிய மறைமாவட்டங்களுக்கே துணை ஆயரைத் திருத்தந்தை நியமிக்கிறார்.