முதல்முறை விசாரணை அலுவலராக அமர்பவர்களுக்கு

சக ஊழியர் மீது வந்த புகாரை விசாரிக்கும்படி முதல்முறையாக ஆணை பெற்றிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு, வருவாய்த்துறையில் நெடுங்காலம் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒரு பக்கம், நாளைக்கும் நாம் முகம் பார்த்துப் பேசவேண்டிய மனிதர். மறுபக்கம், பஸ் ஏறி வந்து மனுக் கொடுத்துவிட்டுப் போன, நமக்கு அறிமுகமே இல்லாத ஒருவர். இருவருக்கும் நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

1. மனு எந்த வழியாக, யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு பெண் கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறார்: பட்டா மாறுதலுக்குக் கிராம நிர்வாக அலுவலர் பணம் கேட்கிறார் என்று. 'உரிய நடவடிக்கைக்கு' என்ற குறிப்போடு அது கோட்டாட்சியருக்கு, வட்டாட்சியருக்கு, வருவாய் ஆய்வாளருக்கு என்று படிப்படியாக இறங்கி, யார் மீது புகாரோ அவர் மேசையிலேயே வந்து விழும். 'மனுவில் உண்மை இல்லை' என்று அவரே எழுதுவார். அந்த வாசகம் வந்த வழியே மேலேறி, மனு முடிக்கப்பட்டுவிடும். இடையில் புகார் சொன்ன பெண் யாரென்று ஊருக்கே தெரிந்திருக்கும். நம் அலுவலகங்களில் நடக்கும் அநியாயங்களில் இதைப் பெரிதென்று நினைக்கிறேன். ஏனென்றால் இதில் யாரும் பொய்க் கணக்கு எழுதவேண்டியதில்லை, தபால் பிரிவே போதும். பூர்வாங்க விசாரணை உங்களிடம் வந்தால் கீழே அனுப்பாதீர்கள். நீங்களே போய் மனுதாரரைப் பாருங்கள். புகாருக்கு உள்ளானவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வாக்குமூலம் வாங்காதீர்கள்.

2. மொட்டைப் பெட்டிஷனை வைத்து யாரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள். பதிவேட்டில் சரிபார்க்கக்கூடிய விவரம் அதில் இருந்தால் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே கிடைப்பதுதான் ஆதாரம்.

3. 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளைச் சுருக்கவுரை நூலில் படிக்காமல் மூலத்தில் படியுங்கள். கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துவது போன்ற சிறு தண்டனைகளுக்கு 17(ஏ); எழுத்து விளக்கம் பெற்று முடிவெடுக்கலாம். பதவி இறக்கம், பணிநீக்கம் போன்றவற்றுக்கு 17(பி). குற்றச்சாட்டுக் குறிப்பாணை, எழுத்து விளக்கம், வாய்மொழி விசாரணை எல்லாம் உண்டு. 'கடமையில் அலட்சியமாக இருந்தார்' என்று மட்டும் எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது. எந்த நாள், எந்தக் கோப்பு, என்ன செய்தார், எந்த விதியை மீறினார் என்று தெரிய வேண்டும். குறிப்பாணை அப்படி இல்லாவிட்டால் விசாரணையைத் தொடங்குமுன்பே எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

4. விசாரணை அலுவலர் துறையின் ஆள் அல்ல. சரோஜ் குமார் சின்கா வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நீங்கள் சுதந்திரமான நடுவர், ஊழியர் வராமலே போனாலும், துறை காட்டும் சான்று குற்றத்தை நிரூபிக்கப் போதுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? பூர்வாங்க விசாரணையில் வாங்கிய வாக்குமூலங்களைக் கோப்பில் கோத்துவிட்டு 'நிரூபணமாகிறது' என்று எழுதிவிடுகிறோம். ஆவணத்தை வெறுமனே கோப்பில் வைப்பது சான்றாகாது என்று ரூப் சிங் நேகி வழக்கின் 2008 தீர்ப்பு சொல்கிறது. விஷயம் தெரிந்தவர் நேரில் வந்து சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும். உண்மையிலேயே லஞ்சம் வாங்கியவர் நீதிமன்றத்தில் தப்பித்து, பின்சம்பளத்தோடு திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில் நாம் சோம்பியதால்தான். அவருடைய சாமர்த்தியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

5. அதற்காகக் குற்றவியல் நீதிமன்ற அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சான்று காட்டினால் போதும். ஹரியானா பஸ் நடத்துநர் ரத்தன் சிங் வழக்கில், காசு கொடுத்தும் டிக்கெட் பெறாத பயணிகளைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பரிசோதகர் வந்து சொன்னார். அது போதும் என்றது 1977 தீர்ப்பு.

6. மனுதாரர் உங்கள் விசாரணையில் வெறும் சாட்சி. அவருக்கென்று வாதாட யாரும் இல்லை. ஆகவே அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். குறுக்கு விசாரணையில் அவருடைய குடும்பத்தையும் நடத்தையையும் இழுத்தால் அந்தக் கேள்வியை மறுத்துவிட்டு, மறுத்த காரணத்தைப் பதிவு செய்யுங்கள்.

7. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால் நீங்கள் விசாரிக்க வேண்டாம். 2013 சட்டப்படி பெண் தலைமையிலான உள்ளகக் குழுவுக்கு உடனே அனுப்புங்கள்.

8. காலத்தை மதியுங்கள். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் மகாதேவன் மீது 1990-இல் நடந்ததற்காக 2000-இல் குறிப்பாணை தந்தார்கள். அந்தத் தாமதத்தை ஏற்க முடியாதென்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விசாரணையை ஆறு மாதத்தில், மிஞ்சிப்போனால் ஓராண்டில் முடிக்கப் பாருங்கள் என்பது பிரேம்நாத் பாலி வழக்கில் 2015-இல் அதே நீதிமன்றம் சொன்னது. 17(பி) நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. குற்றமற்றவருக்கு நாம் போடும் ஒவ்வொரு வாய்தாவும் தண்டனைதான்.

9. அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே முடிவும் காரணமும் எழுதுங்கள். என்ன தண்டனை என்பது உங்கள் வேலையில்லை. அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்துப் பதில் பெற்ற பிறகே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது கருணாகர் வழக்கு முதல், அதாவது 1993 முதல், உறுதியான சட்டம். 'நிரூபிக்கப்படவில்லை' என்று முடிவு வந்தால் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து மாற்றாதீர்கள். உடன்பாடு இல்லையென்றால் காரணம் எழுதி, ஊழியரின் பதிலையும் கேட்டு மாற்ற அவருக்கு வழி இருக்கிறது.

10. முடிவு என்ன ஆனதென்று மனுதாரருக்கு யாரும் சொல்வதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், ஊழியரின் குறிப்பாணையும் தண்டனையும் தனிப்பட்ட தகவல் என்ற 2012 தீர்ப்பைக் காட்டி மறுத்துவிட முடியும். தண்டனை விவரம் வேண்டாம். மனு விசாரிக்கப்பட்டது, குற்றச்சாட்டு நிரூபணமானது அல்லது ஆகவில்லை, அவர் கேட்டு வந்த வேலை இன்ன தேதியில் முடிக்கப்பட்டது என்று மட்டுமாவது அவருக்குக் கடிதம் போகட்டும். அறிக்கையை அனுப்பும்போதே அதற்கான குறிப்பையும் எழுதி அனுப்புங்கள்.