பள்ளிக்குச் சீர் கொண்டு போகும் முன்

தொடக்கப் பள்ளிக்குப் பெற்றோர் என்ன செய்யலாம் என்று கேட்டால் நம்மில் பலரும் உடனே சட்டைப் பையைத்தான் தொடுகிறோம். பணம் தேவைதான். ஆனால் யாரிடம், எதற்காக, எப்படி வாங்குவது என்று தெளிவில்லாமல் வசூலில் இறங்கினால், பள்ளிக்குப் பொருள் வந்து சேரும். பெற்றோர்தான் வராமல் போவார்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று மக்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். இன்று அரசுப் பள்ளிகளில் நடக்கும் ‘கல்விச் சீர்’ விழாவை அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். கல்யாண வீட்டுக்குச் சீர் எடுத்துப் போவதுபோல் பீரோ, மின்விசிறி, நாற்காலி, தண்ணீர்க் குடம், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஏந்தி மேளதாளத்தோடு ஊர்வலமாகப் பள்ளிக்குப் போகிறார்கள். பார்க்கவே நெஞ்சு நிறையும். தலைமை ஆசிரியரிடம் முன்பே பட்டியல் கேட்காவிட்டால் மட்டும், தட்டுக்குத் தட்டு சுவர்க் கடிகாரமாகவே வந்து இறங்கிவிடும்!

பொருள் கொடுப்பவர்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு: அதன் பிற்காலச் செலவு. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தர ஒருவர் முன்வருவார். அதன் வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்ற யார் பணம் தருவது? பழுதான இயந்திரத்தின் மேல் துணியைப் போட்டு மூடி, பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரும் பள்ளிகள் உண்டு. கழிப்பறையும் அப்படித்தான். கட்டுவது ஒரு தடவை, கழுவுவது தினமும். என்னைக் கேட்டால், புதிய பொருளுக்கு வசூலிப்பதைவிட, இருப்பதைப் பராமரிக்க மாதாமாதம் சிறு தொகை சேர்ப்பதே பெற்றோர் குழுவுக்கு ஏற்ற வேலை. அதில் மேளமும் இல்லை, புகைப்படமும் இல்லை. ஆகவேதான் அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆவது பிரிவில், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் உண்டு. தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களோடு புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆயின. குழுவின் கடமைகளில் முதலாவது பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது. அடுத்தது பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது. பிறகு, அரசிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. வசூல் செய்வதை அந்தப் பிரிவு குழுவின் கடமையாக விதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். (நம் சமுதாயத்தார் நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு, 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இச்சட்டம் பொருந்தாது. அங்கேயும் இதே முறையில் ஒரு குழு வைத்துக்கொள்ள யாரும் தடுக்கப் போவதில்லை.)

ஆகவே கையேந்துமுன், வரவேண்டியது வந்ததா என்று கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிமுறையில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு: 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். பணம் உரிய காலத்தில் வந்து சேர்வது வேறு கதை. ஆனாலும் கேட்கிற பெற்றோர் இருக்கிற பள்ளியில் பதில் சொல்ல ஆள் இருப்பார்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பற்றாக்குறை இருந்தால் வசூல் செய்யலாம். ஆனால் பிள்ளைகள் மூலமாக ஒருபோதும் வேண்டாம். தொடக்கக் கல்வியைத் தொடரத் தடையாகும் எந்தக் கட்டணமும் செலவும் பிள்ளை மேல் விழக் கூடாது என்று அதே சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. “நாளைக்கு அம்மாகிட்ட நூறு ரூபாய் வாங்கிட்டு வா” என்று வகுப்பில் சொன்னால், அது நன்கொடை என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியாது. வாங்கி வராத பிள்ளை யார் என்பது மட்டும் வகுப்பு முழுவதற்கும் புரிந்துவிடும்.

பெற்றோருக்குள்ளும் இதே நிலைதான். நான் போய் வந்த ஒரு பள்ளியில், நன்கொடை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் வாசல் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பெண்கள் வருவது குறைந்துவிட்டது என்று குறைப்பட்டவர்களும் அவர்களே. பீடி சுற்றும் ஒரு தாயிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அந்தச் செவுத்துல என் பேரு இல்லையே காக்கா, நான் போயி என்னத்த பேச?” என்றார். அவருடைய மகன் அங்கே மூன்றாம் வகுப்பு. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; சுவரில் பெயர் இருந்தவர்களில் பலருடைய பிள்ளைகள் அங்கே படிக்கவே இல்லை. குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று எழுதும் பழக்கத்தை, பள்ளிவாசலில் விட முடியாவிட்டாலும் பள்ளிக்கூடத்திலாவது விடுவோம்.

சுவரில் எழுத வேண்டியது கணக்கு. இந்த மாதம் வந்த மொத்தம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு. மூன்று வரி போதும், பெயர் வேண்டாம். பத்து ரூபாயானாலும் ரசீது கொடுங்கள். பணத்தை ஒருவர் வீட்டில் வைக்காமல், குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். உணவு விழா நடத்திப் பணம் சேர்த்தால், சமோசாவுக்கும் வட்டலப்பத்துக்கும் தாய்மார்கள் கைப்பணம் போட்டு வாங்கிய சாமானையும் வரவில் எழுதுங்கள்; அதுவும் அவர்களுடைய நன்கொடைதான். ஜகாத் பணத்தை இதில் கலக்கக் கூடாது. அதைப் பெறும் எட்டுப் பிரிவினர் யார் என்பது குர்ஆனிலேயே உள்ளது. மதில் சுவரும் மின்விசிறியும் பொதுவான சதகாவில் சேரட்டும். வெளியூரில் இருப்பவர்கள், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ வழியாகத் தங்கள் ஊர்ப் பள்ளிக்கே அனுப்ப முடியும்.

பணம் கொடுக்க இயலாதவர்களிடம் பள்ளிக்குத் தேவையான வேறொன்று உண்டு. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் பொருள்களைத் தொட்டு எண்ணிப் படிக்கிறார்கள். புளியங்கொட்டை, பாட்டில் மூடி, குச்சி, எழுத்து அட்டை இவற்றைத் தயாரிக்க ஒரு மதியம் நான்கு தாய்மார்கள் உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்குப் போதும். வாரம் ஒரு மணி நேரம் கதை சொல்ல ஒரு பாட்டி வரலாம். கொத்தனார் வேலை பார்க்கும் தகப்பன், மழைக்கு முன் ஒரு தடவை மேல்தளத்தில் ஏறிப் பார்த்து எங்கே ஒழுகும் என்று சொல்லலாம். தையல் தெரிந்தவர் சீருடையில் அறுந்த பொத்தான்களைத் தைக்கலாம். இதையும் வருகைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

கூட்ட நேரம்தான் பெரும்பாலும் சிக்கல். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்கும் வேளையிலோ, கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பாத வேளையிலோ கூட்டம் வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது நியாயமில்லை. எந்த நேரம் தோது என்று தாய்மார்களிடமே கேட்டு, தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கொடுங்கள்.

பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதவும், கணக்கேடு வைக்கவும் உதவி தேவைப்படும் குழுவினர் சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது முந்தைய கூட்டத்தின் தீர்மான நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். தலைவர் மட்டும் வந்தால் போதாது. உறுப்பினரான தாய்மார் இருவராவது உடன் வர வேண்டும்.