சத்தம் எப்போது வரவில்லை?

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் கிளட்ச் பாடத்தை நான் படம் வரைந்து தொடங்குவதில்லை. "கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. என்ன பழுது?" என்று மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். ஐந்தே நிமிடத்தில் கிளட்ச் பிளேட், பேரிங், கியர் பல், கியர் ஆயில் எனப் பத்து விடைகள் வந்துவிடும். எல்லாம் பாகங்களின் பெயர்கள். எந்தக் கியரில், வண்டி நிற்கும்போதா ஓடும்போதா என்று திருப்பிக் கேட்கும் மாணவர் அரிது. அப்படிக் கேட்க வைப்பதே இந்தப் பாடத்தின் வேலை.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல கருவி, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் அம்பாசடர் மார்க் 2. ஐம்பது வயதைக் கடந்த வண்டி. முன்னே செல்ல நான்கு கியர்கள், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் கம்பி. கணினியும் உணரியும் கிடையாது. எதையும் காதாலும் காலாலும் கையாலும்தான் அறிய வேண்டும். வகுப்பறைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கிறது. உராய்வால் எஞ்சின் விசை கியர்பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் தள்ள, அழுத்தம் விலகி, இணைப்பு அறுகிறது. எனவே கிளட்சுக்கு வரும் பெரிய நோய்கள் இரண்டுதான்: சேர வேண்டிய நேரத்தில் சேராமல் வழுக்குவது, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் ஒட்டுவது.

வழுக்கும் கிளட்ச் மேட்டில் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் இரையும், வண்டி நகராது. சமதளத்தில் சோதிக்க, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டாப் கியரில் பெடலை மெல்ல விட வேண்டும். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இதை ஓட்டத் தெரிந்த பெரியவர்தான் செய்ய வேண்டும், வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் நிற்கக் கூடாது, இரண்டாம் முறை செய்து பிளேட்டைச் சூடேற்றவும் கூடாது. வழுக்குகிறது என்றதும் பிளேட்டை மாற்றச் சொல்வார்கள். முதலில் பெடலின் தொடக்கத்தில் சிறிது வெற்று அசைவு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். அது அறவே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் அரை மிதியிலேயே இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யச் செலவில்லை.

ஒட்டும் கிளட்சுக்கு ரிவர்ஸ் கியர் நேர்மையான சாட்சி. இந்த வண்டியின் ரிவர்ஸில் சிங்க்ரோமெஷ் இல்லாததால் எதையும் மறைக்காது. எஞ்சின் மெதுவாக ஓடட்டும். பெடலை முழுக்க மிதித்து, பத்து எண்ணிய பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அமைதியாக விழுந்தால் கிளட்ச் பிரிகிறது. அப்போதும் பல் அரைந்தால் பிளேட் இன்னும் சுழல்கிறது. நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திய பழைய வண்டிகளில், பிளேட் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

மாணவர்கள் தடுமாறும் இடம் வேறு. உருளும் வண்டியில் முதல் கியரைப் போட்டால் சத்தம் வருகிறது. இது பழுதா? இல்லை. அந்தக் கியருக்கும் சிங்க்ரோமெஷ் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் போட வேண்டும், அல்லது இருமுறை கிளட்ச் மிதிக்கப் பழக வேண்டும். ஆனால் ஓட்டத்தில் இரண்டாம் கியர் மட்டும் அரைந்து, மூன்றும் நான்கும் ஒழுங்காக விழுந்தால், அதன் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கிளட்ச் மீது பழி போட முடியாது. கிளட்ச் எல்லாக் கியருக்கும் பொதுவானதாயிற்றே!

இதனால்தான் மாணவர்களின் குறிப்பேட்டில் 'அறிகுறி', 'எப்போது வருகிறது' என்பவற்றோடு 'எப்போது வரவில்லை' என்று மூன்றாவது கட்டமும் வைத்திருக்கிறேன். பாதிப் பாகங்களை அந்தக் கட்டமே விடுவித்துவிடும்.

சென்ற ஆண்டு அம்பாசடரில் ஓர் இரைச்சல் தொடங்கியது. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி. நல்ல கியர்பாக்ஸுக்குப் பெரியவர் எங்கே போவார்? விற்றுவிடலாம் என்ற முடிவோடுதான் பள்ளிக்கு வந்தார். மாணவர்கள் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார்கள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவி மூன்றாவது கட்டத்தில் எழுதியிருந்தாள்: "பெடலில் கால் இல்லாதபோது சத்தம் இல்லை."

அந்த ஒரு வரியை வைத்து முழு வகுப்பும் நடந்தது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கியர்பாக்ஸின் உள்தண்டும் அதன் பேரிங்குகளும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அவை பழுதென்றால் அப்போது இரைந்து, பெடலை மிதித்ததும் அடங்கியிருக்க வேண்டும். இங்கே நேர்மாறு. மிதிக்கும்போது மட்டும் சுமை ஏறுவது ரிலீஸ் பேரிங்கின் மேல்.

"அப்போ கியர்பாக்ஸைக் கழட்ட வேண்டாமா சார்?" என்றான் ஒருவன். கழற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பேரிங்கைத் தொட முடியாது. ஆனால் கழற்றிய கியர்பாக்ஸைப் பிரிக்கவோ மாற்றவோ தேவையில்லை என்றேன். மெக்கானிக் இறக்கிப் பார்த்தபோது பேரிங் தேய்ந்து போயிருந்தது. பெரியவர் வண்டியை விற்கவில்லை. பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கத்தை விடும்படி அந்த மாணவியே அவரிடம் சொன்னாள். "சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கார் தேவையில்லை. எரியாத டார்ச்சும் நின்றுபோன கடிகாரமும் போதும். மூன்றாவது கட்டம் மட்டும் இருக்கட்டும். உராய்வு நடத்துபவர்கள் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே உப்புத்தாளை வைத்து அழுத்தி இழுக்கச் சொல்லலாம், பிறகு அதில் ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். எஞ்சின் ஆயில் கசிந்த கிளட்ச் ஏன் வழுக்குகிறது என்பது கைக்கே புரியும்.

இப்போது எங்கள் குறிப்பேட்டில் புதிய பதிவு ஒன்று இருக்கிறது. மூன்றாம் கியர் தானாக எகிறி நியூட்ரலுக்கு வருகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் வருகிறது, மேட்டில் வரவில்லை. கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்ததா, பல் தேய்ந்ததா, கியர் கம்பியின் புஷ் தேய்ந்து கியர் முழுதாக விழவில்லையா என்று மூன்று குழுக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். பானெட்டைத் திறந்துவைத்து, ஒருவர் கம்பியை அசைக்க மற்றவர் இணைப்புகளைப் பார்ப்பது திங்கட்கிழமை வேலை.