ஓமோன் ஊசியும் கடும் உணவுக் குறைப்பும்: உடல் நிறையைக் குறைக்கப் பாதுகாப்பான வழிகளா?

சுகாதாரமும் உடற்கல்வியும் – க.பொ.த. (சாதாரண தரம்) – மீட்டற் பாடம்



போசணை, ஓமோன்கள், உடற்திணிவுச் சுட்டி ஆகிய மூன்றையும் நீங்கள் தனித்தனிப் பாடங்களாகக் கற்றிருக்கிறீர்கள். பரீட்சையில் இம்மூன்றையும் இணைத்து ஒரே வினாவாகக் கேட்கலாம். வாழ்க்கையிலும் இவை இணைந்தே வருகின்றன. திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் "ஊசி போட்டால் ஒரு மாதத்தில் மெலியலாமாம்" என்று வீட்டில் அக்கா சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வகுப்புத் தோழி காலையும் மதியமும் உண்ணாமல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வேளையில் சரியான விடை தெரிந்திருப்பது பரீட்சைப் புள்ளியை விடப் பெறுமதியானது. ஆகவே இப்பாடத்தை மனனம் செய்ய வேண்டாம். காரணங்களை விளங்கிக்கொண்டு படியுங்கள்.

1. முதலில் அறிய வேண்டியவை

ஓமோன் என்பது அகஞ்சுரக்கும் சுரப்பியினால் அல்லது இழையத்தினால் மிகச் சிறிய அளவில் சுரக்கப்பட்டு, குருதி மூலம் கடத்தப்பட்டு, வேறோர் உறுப்பின் தொழிலை மாற்றும் இரசாயனப் பொருளாகும்.

கர்ப்ப காலத்தில் சூல்வித்தகத்தில் சுரக்கப்படும் ஓமோன் மனித கோரியோனிக் கொனடோதிரோபின் ஆகும். இதனைச் சுருக்கமாக எச்.சீ.ஜீ. என்பர். 1927 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் பேர்லின் நகரில் அஷ்ஹைம், சொண்டெக் என்னும் இரு விஞ்ஞானிகள் கர்ப்பிணிகளின் சிறுநீரில் இத்தகைய ஓமோன் இருப்பதைக் காட்டினர். இன்று கர்ப்பத்தை உறுதிப்படுத்தச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை இந்த ஓமோனையே கண்டறிகிறது.

வைத்தியத்துறையில் இதற்கு உரிய பயன்கள் உண்டு. பிள்ளைப்பேறின்மைச் சிகிச்சையில் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறச் செய்வதற்கும், விதைகள் விதைப்பைக்குள் இறங்காத சில சிறுவர்களுக்கும் இது வைத்தியரின் மேற்பார்வையில் கொடுக்கப்படுகிறது. உடல் நிறையைக் குறைத்தல் இப்பயன்களுள் ஒன்றன்று.

மிகக் குறைந்த கலோரி உணவு என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 கிலோகலோரிக்குக் குறைவான சக்தியைத் தரும் உணவுமுறையாகும்.

2. இவ்விரண்டும் எவ்வாறு இணைந்தன?

சைமியன்ஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர் இந்தியாவில் பணியாற்றிய காலத்தில், ஓமோன் குறைபாட்டினால் பருமனடைந்த சிறுவர்களுக்கு எச்.சீ.ஜீ. கொடுத்துப் பார்த்தார். பின்னர் இத்தாலியின் ரோம் நகரில் பணியாற்றினார். 1954 ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் தமது முறையை வெளியிட்டார். அம்முறையில் நாள்தோறும் 125 அலகு எச்.சீ.ஜீ. ஊசியாக ஏற்றப்படும். உணவோ நாளொன்றுக்கு 500 கிலோகலோரி மாத்திரமே. இரு வேளை கொழுப்பற்ற இறைச்சி 100 கிராம் வீதம், சிறிதளவு மரக்கறி, ஒரு பழம் என்ற அளவில் அது அமையும்.

ஊசி பசியைத் தணிக்கும், தேவையற்ற இடங்களிலுள்ள கொழுப்பை மட்டும் கரைக்கும் என்று அவர் கூறினார். இம்முறையைப் பின்பற்றியோர் உண்மையிலேயே மெலிந்தனர். எனவே ஐக்கிய அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இது வேகமாகப் பரவியது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அவர்கள் மெலிந்தது ஊசியாலா, உணவுக் குறைப்பாலா? இவ்வினாவே இப்பாடத்தின் மையமாகும்.

3. கணித்துப் பார்ப்போம்

ஒருவரின் உடல் நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரியைச் செலவிடுகிறது என்க. அவர் 500 கிலோகலோரி மட்டும் உண்கிறார்.

நாளாந்தப் பற்றாக்குறை = 2,000 – 500 = 1,500 கிலோகலோரி
ஒரு வாரப் பற்றாக்குறை = 1,500 × 7 = 10,500 கிலோகலோரி
ஒரு கிலோகிராம் கொழுப்பிழையத்தின் சக்தி = ஏறத்தாழ 7,700 கிலோகலோரி
ஒரு வாரத்தில் எதிர்பார்க்கக்கூடிய நிறை இழப்பு = 10,500 ÷ 7,700 = ஏறத்தாழ 1.4 கிலோகிராம்

இக்கணிப்பில் ஊசி எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். உணவுக் குறைப்பு ஒன்றே நிறை இழப்பை விளக்கிவிடுகிறது.

முதல் வாரத்தில் தராசு இதைவிடக் கூடுதலான இழப்பைக் காட்டலாம். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் சேமிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. பட்டினியின்போது முதலில் கிளைக்கோசன் பயன்படுத்தப்படுவதால் அந்நீரும் வெளியேறுகிறது. இது கொழுப்பு இழப்பன்று. வழமையான உணவுக்குத் திரும்பியதும் இந்நிறை மீண்டுவிடும். "மூன்று நாளில் மூன்று கிலோ" என்ற விளம்பரத்தின் இரகசியம் பெரும்பாலும் இதுவேயாகும்.

4. விஞ்ஞான முறையிலான சோதனை

கணிப்பு மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். ஒரு குழுவுக்கு எச்.சீ.ஜீ. ஊசியும் மற்றக் குழுவுக்கு மருந்து இல்லாத ஊசியும் ஏற்ற வேண்டும். இரு குழுவினரும் ஒரே உணவை உண்ண வேண்டும். எவருக்கு எந்த ஊசி என்பது ஊசி ஏற்றுபவருக்கும் ஏற்றிக்கொள்பவருக்கும் தெரியக்கூடாது. இது இரட்டை மறைப்புச் சோதனை எனப்படும்.

1976 இல் அமெரிக்காவில் 51 பெண்களைக் கொண்டு இத்தகைய ஆய்வொன்று வெளியிடப்பட்டது. யாவரும் 500 கிலோகலோரி உணவை உண்டனர். நிறை இழப்பிலோ, இடுப்புச் சுற்றளவிலோ, பசியின் அளவிலோ இரு குழுக்களுக்கிடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1995 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும் உடற்பருமனுக்கு எச்.சீ.ஜீ. பயனளிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தனர்.

அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1970களிலேயே இம்மருந்தின் சுட்டுத்துண்டில் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் எனப் பணித்தது. எச்.சீ.ஜீ. நிறை குறைப்புக்குப் பயன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்பதே அதன் கருத்தாகும். எனினும் இம்முறை மறையவில்லை. துளி மருந்தாகவும் குளிசையாகவும் அது விற்கப்பட்டதால், 2011 டிசம்பரில் அந்நிருவாகம் ஏழு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப நேர்ந்தது.

5. கடும் உணவுக் குறைப்பின் தீங்குகள்

(அ) தசை இழப்பு: சக்தி போதாதபோது உடல் கொழுப்பை மட்டுமன்றித் தசைப் புரதத்தையும் உடைக்கிறது. இதயமும் தசையால் ஆனதே.

(ஆ) கனியுப்புச் சமநிலை குலைதல்: பொட்டாசியம், மகனீசியம் என்பன குறைந்தால் இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போகும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தரங்குறைந்த திரவப் புரதத்தை மட்டும் அருந்தி நிறை குறைக்க முயன்றோரில் ஏறத்தாழ 60 பேர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. இவர்களுள் பலர் இதயத்துடிப்புக் கோளாற்றினாலேயே மாண்டனர்.

(இ) பித்தக்கல்: நிறை விரைவாகக் குறையும்போது ஈரல் கூடுதலான கொலஸ்திரோலைப் பித்தத்தில் சேர்க்கிறது. உண்ணாதிருப்பதால் பித்தப்பை நன்கு சுருங்காது. தேங்கிய பித்தத்தில் கற்கள் உருவாகும். வாரத்துக்கு 1.5 கிலோகிராமுக்கு மேல் மெலிவோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

(ஈ) அனுசேப வீதம் குறைதல்: உணவு குறைந்தால் உடல் செலவையும் குறைத்துக்கொள்கிறது. வழமையான உணவு மீண்டும் தொடங்கியதும் இழந்த நிறை திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

(உ) வளர்ச்சிப் பாதிப்பு: கட்டிளமைப் பருவத்தில் என்பு, தசை, குருதி ஆகியன விரைவாக வளர்கின்றன. கல்சியம், இரும்பு, புரதம் ஆகியன குறைந்தால் குருதிச்சோகை, மாதவிடாய் நிற்றல், என்பு வலுவிழத்தல் என்பன ஏற்படலாம்.

(ஊ) உளப் பாதிப்பு: 1944–45 இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் சுகதேகிகளான 36 இளைஞர்களின் உணவை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு அரைவாசியாக்கி ஆராய்ந்தார். அவர்கள் நிறையில் நாலில் ஒரு பங்கை இழந்தனர். இதயத்துடிப்பு மந்தமாகியது, கால் வீங்கியது, குளிர் தாங்க முடியவில்லை. மனச்சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. எந்நேரமும் உணவைப் பற்றியே எண்ணினர். அவர்களுக்குக் கிடைத்த உணவு 500 கிலோகலோரியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

6. ஊசியின் தீங்குகள்

எச்.சீ.ஜீ. ஊசியால் தலைவலி, களைப்பு, எரிச்சல், நீர்த்தேக்கம் என்பன ஏற்படலாம். பெண்களில் சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு வீங்கலாம். குருதிக் குழாய்களில் குருதிக்கட்டி உருவாகலாம். சிறுவர்களில் பருவமடைதல் உரிய வயதுக்கு முன்னரே நிகழலாம். ஆண்களில் மார்பகம் பெருக்கலாம். இவ்வூசி ஏற்றியவரின் சிறுநீர், கர்ப்பம் இல்லாத நிலையிலும் கர்ப்பம் இருப்பதாகப் பரிசோதனையில் காட்டக்கூடும்.

தைரொயிட் ஓமோனையும் சிலர் மெலிவதற்கு எடுப்பதுண்டு. தைரொயிட் குறைபாடு இல்லாதவர் அதை அதிக அளவில் எடுத்தால் இதயம் கடுமையாகப் பாதிக்கப்படும்.

7. "எல்லா ஊசியும் பொய்யா?"

இல்லை. இங்கே மாணவர்கள் தவறு விடுவதுண்டு. உணவின் பின் குடலில் சுரக்கும் ஓர் ஓமோனைப் போலச் செயற்படும் செமாகுளுட்டைட் என்னும் மருந்து, 2021 இல் அமெரிக்காவில் உடற்பருமன் சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்டது. இது பசியைக் குறைக்கும் என்பதும் நிறையைக் குறைக்கும் என்பதும் கட்டுப்பாட்டுச் சோதனைகளில் நிரூபிக்கப்பட்டவை. ஆயினும் இது வைத்தியரின் சிட்டையின்றி எடுக்கும் மருந்தன்று. குமட்டல், வாந்தி, பித்தக்கல், அரிதாகச் சதையி அழற்சி என்பன இதன் பக்க விளைவுகள். மேலும் 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தின் போலிகள் சில நாடுகளில் பிடிபட்டதாக எச்சரித்தது. போலி ஊசியில் இன்சுலின் இருக்குமாயின் குருதி வெல்லம் சடுதியாகக் குறைந்து உயிராபத்து ஏற்படும்.

அவ்வாறே மிகக் குறைந்த கலோரி உணவும் சில வேளைகளில் சிகிச்சையாகும். 2017 இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள வளர்ந்தோர் ஏறத்தாழ 850 கிலோகலோரி கொண்ட சமப்படுத்திய உணவை மூன்று முதல் ஐந்து மாதங்களுக்கு உட்கொண்டனர். ஓராண்டின் பின் அவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேரின் நீரிழிவு மருந்தின்றியே தணிந்திருந்தது. இவர்கள் சுகாதார ஊழியர்களின் தொடர்ச்சியான கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் தாமாகப் பட்டினி கிடப்பவருக்கு இம்முடிவு பொருந்தாது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: சோதனையில் நிரூபிக்கப்பட்டதா? இவருக்குத் தேவையானதா? வைத்தியர் கண்காணிக்கிறாரா?

8. பாதுகாப்பான வழி

முதலில் தேவை உண்டா என அறிய வேண்டும். 158 சென்ரிமீற்றர் உயரமும் 50 கிலோகிராம் நிறையும் உடைய 16 வயது மாணவி ஒருத்தி தான் பருமன் என்று எண்ணி உண்ணாதிருக்கிறாள் என்க.

உடற்திணிவுச் சுட்டி = 50 ÷ (1.58 × 1.58) = ஏறத்தாழ 20

வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபில் குறித்துப் பார்த்தால் இது சாதாரண வீச்சிலேயே அமைகிறது. அவளுக்குத் தேவை உணவுக் குறைப்பன்று, இவ்வுண்மையை அன்பாக எடுத்துச் சொல்லும் ஒரு நட்பு.

உண்மையில் நிறை கூடிய வளர்ந்தோர் நாளாந்தம் 500 கிலோகலோரி அளவான பற்றாக்குறையை ஏற்படுத்தினால் வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோகிராம் குறையும். சோற்றின் அளவைச் சிறிது குறைத்து மரக்கறியையும் கீரையையும் கூட்டுதல், பருப்பு, மீன், முட்டை போன்ற புரத உணவைக் கைவிடாதிருத்தல், இனிப்புப் பானங்களையும் பொரித்த சிற்றுண்டிகளையும் தவிர்த்தல், நாள்தோறும் நடத்தல் அல்லது விளையாடுதல், போதிய நித்திரை ஆகியன இதற்கு உதவும். வளரும் பருவத்தினர் வைத்திய ஆலோசனையின்றி உணவைக் குறைக்கலாகாது.

9. பயிற்சி வினாக்கள்

(1) எச்.சீ.ஜீ. ஓமோன் இயற்கையாகச் சுரக்கப்படும் இடம் யாது?
விடை: சூல்வித்தகம்.

(2) எச்.சீ.ஜீ. ஊசியுடன் 500 கிலோகலோரி உணவை உண்டவர் மெலிந்தார். ஊசி பயனளித்தது என முடிவு செய்யலாமா? காரணம் தருக.
விடை: முடியாது. உணவுக் குறைப்பு மட்டுமே நிறையைக் குறைக்கும். மருந்து இல்லாத ஊசியுடன் அதே உணவை உண்ட குழுவுடன் ஒப்பிட்டே முடிவு செய்யலாம். அவ்வாறு ஒப்பிட்டபோது வேறுபாடு காணப்படவில்லை.

(3) விரைவாக மெலிவதால் பித்தக்கல் ஏற்படும் முறையை விளக்குக.
விடைக்கான குறிப்பு: கொலஸ்திரோல் கூடுதல், பித்தப்பை சுருங்காமை, பித்தம் தேங்குதல் ஆகிய மூன்றையும் இவ்வொழுங்கில் எழுதுக.

(4) உமது நண்பி ஒரு வாரமாகப் பகல் உணவை உண்ணவில்லை. தலைச்சுற்று எனக் கூறுகிறாள். நீர் செய்யக்கூடியவை மூன்று தருக.
விடைக்கான குறிப்பு: கேலி செய்யாது செவிமடுத்தல், நம்பிக்கைக்குரிய ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ அறிவித்தல், வைத்தியரிடம் செல்லத் துணைநிற்றல். மயக்கம், நெஞ்சு படபடப்பு, கடும் வயிற்றுவலி இருப்பின் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல்.

நான்காம் வினாவுக்கு விடைத்தாளில் மட்டும் விடை எழுதினால் போதாது, மாணவர்களே. அவ்வினா உங்கள் வகுப்பறையிலும் எழலாம். அங்கும் சரியாக விடையளியுங்கள்.