வீட்டுக்கொரு மருதாணி

பெருநாள் வந்தாலும் நிக்காஹ் வந்தாலும் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது மருதாணிதான். முடிக்கு மருதாணிச் சாயம் இடுவது பற்றி நபிமொழித் தொகுப்புகளிலும் குறிப்புகள் உண்டு. முன்பெல்லாம் கொல்லையில் இலை பறித்து அம்மியில் அரைத்தோம். இப்போது கடையில் கோன் வாங்குகிறோம். அந்தக் கோனுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. கேட்டாக வேண்டிய காலம் இது.

மரத்தை அறிவோம்

மருதாணியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். மாதுளையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெட்டாமல் விட்டால் 2 முதல் 6 மீட்டர் வரை வளரும் சிறு மரம் இது. வெட்டிவிட்டால் புதராகவும் வேலியாகவும் நிற்கும். வெண்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவின் வாசனைக்காக அத்தரும் எடுக்கிறார்கள். இந்தியாவில் மருதாணி சாகுபடிக்குப் பெயர் பெற்ற ஊர் ராஜஸ்தானின் சோஜத்.

நிறம் எப்படி வருகிறது?

இலையில் உள்ள லாசோன் என்ற பொருள் தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கழுவியவுடன் கை ஆரஞ்சு நிறமாக இருக்கும். ஒன்றிரண்டு நாளில் அது செம்பழுப்பாக மாறும். தூய மருதாணி ஒருபோதும் தோலில் கரிய நிறம் தராது.

கறுப்பு மருதாணி வேண்டாம்

சிறிது நேரத்திலேயே கருகருவென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் பிபிடி என்ற முடிச்சாய வேதிப்பொருள் கலக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை முடிச்சாயத்தில் மட்டும், அதுவும் 2 சதவீதம் வரைதான் சேர்க்கலாம்; தோலில் பூச அனுமதி இல்லை.

பிபிடியால் தோலில் அரிப்பு, கொப்புளம், தழும்பு வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். பெருநாளுக்காகச் சிறு வயதில் இட்ட கோலம், பல ஆண்டு கழித்து முடிச்சாயம் பூசும்போது முகம் வீங்கக் காரணமாகலாம். கொப்புளம் கண்டால் உடனே கழுவிவிட்டுத் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். பயன்படுத்திய கோனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கைக்குழந்தைகளுக்குத் தூய மருதாணியும் வேண்டாம். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

வளர்ப்பது எளிது

பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை மண் ஈரமாக இருக்கட்டும். விதையாக இருந்தால் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு விதைக்க வேண்டும்; அதன் தோல் கடினமானது.

நல்ல வெயில் அவசியம். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்துவிட்டால் வறட்சியையும் தாங்கும். வேலியாக வேண்டுமென்றால் ஓரடி இடைவெளியில் நடலாம். கொல்லை இல்லாதவர்கள் மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் வளர்க்கலாம். அவ்வப்போது கிளைகளை வெட்டிவிட்டால் புதுத் தளிர் நிறைய வரும்.

பயன்படுத்தும் முறை

பச்சை இலையை மைய அரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து இடலாம். சில மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். உதிர்த்த பிறகு உடனே சோப்பு போடாதீர்கள். மிஞ்சிய இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். முடி கருமையாக வேண்டுவோர் மருதாணிக்குப் பின் அவுரி இலைப் பொடியைப் பூசலாம். குதிகால் வெடிப்புக்கு இலை விழுது பூசுவது நம் பாட்டிமார் கைவைத்தியம். மருத்துவர் சொல்லாமல் மருதாணியை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.

ஒரு தெருவில் ஒரு மரம் நன்றாக வளர்ந்தால் பல வீட்டுப் பிள்ளைகளின் கை சிவக்கும். இந்த மழைக்கே ஒரு குச்சி நடுவோம். வேர் பிடித்ததும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு குச்சி வெட்டிக் கொடுப்போம்.