பிளைவுட்டில் ‘தமிழ்’ வெட்டுவோம்

தமிழ் விழா மேடைக்கு எழுத்து வெட்டப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 5 வாட் ஒளியாற்றல் கொண்ட சிறிய லேசர் கருவியே 3 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்குப் போதும். ஆற்றல் குறைவு என்பதற்காக ஒரே தடவையில் மிக மெதுவாக வெட்டினால் விளிம்பு கருகும். சற்று வேகமாக, அதே கோட்டில் பல முறை ஓட விடுவதே சிறந்தது.

முதலில் குவியத்தைச் சரிசெய்யுங்கள். குவியம் தப்பினால் கதிர் விரிந்து, வெட்டாமல் சுட்டுவிடும். வெட்டுமிடத்தில் காற்றைச் செலுத்துங்கள். கதிரை மறைக்கும் புகை விலகும். பலகைக்கு அடியிலும் இடைவெளி விடுங்கள். மேலே காகித ஒட்டுநாடா ஒட்டினால் புகைக்கறை படியாது. நம் நாட்டு ஈரக்காற்றில் பலகை எளிதில் ஈரமேறும், உலர்ந்ததையே பயன்படுத்துங்கள். உள்ளே பசை திரண்ட இடத்தில் கதிர் தடைபடலாம் என்பதால், ஓரத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி தனியே விழுந்துவிடும். வரையும்போதே அதைச் சிறு பாலத்தால் எழுத்தோடு இணைத்துவிடுங்கள். புள்ளி போனால் மேடையில் நிற்பது ‘தமிழ்’ அன்று, ‘தமிழ’!

இறுதியாக, லேசரின் அலைநீளத்திற்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். கருவி ஓடும்போது அருகிலேயே இருங்கள். மரம் தீப்பற்றக் கணப்பொழுது போதும்.