பேரவையில் எழுந்து பேசப் பழகுதல்

நமது சங்கங்களின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருப்பவர் எவரும் பின்வரும் காட்சியைக் கண்டிருப்பர். ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் வரவு செலவுத் திட்டமும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்படுகின்றன. “அங்கத்தினர் எவரேனும் கூற விரும்புவது உண்டா?” என்று தலைவர் கேட்கிறார். சிறிது நேரம் ஒருவரும் எழுவதில்லை. பிறகு, ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. கூட்டம் கலைந்து தேநீர்க் கடை வாசலுக்கு வந்த பின்னரே, பாவு நூல் காலந்தாழ்த்தி வந்ததும், கூலி நிலுவையில் நிற்பதும், உரம் விதைப்புக்குப் பின் வந்து சேர்ந்ததும் வெளிவருகின்றன. அங்கே அவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஒருவருக்கு உள்ளே இருந்தபொழுது நா எழாமற் போனது ஏன்?

ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் தலையாய விதிகளுள் ஒன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம் உலகெங்கும் பரப்பிய விதி அது. பங்குத்தொகை பெரிதாயினும் சிறிதாயினும் வாக்கு ஒன்றே. ஆனால் கருத்தை எடுத்துரைக்கும் ஆற்றல் அவ்வாறு சமமாகப் பங்கிடப்படவில்லை. பேசத் தெரிந்த நால்வருடைய விருப்பம் நானூறு பேருடைய முடிவாகப் பதிவாகுமானால், வாக்குரிமையால் மட்டும் என்ன பயன்? அதே ராச்டேல் சங்கத்தார் பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி வைத்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பேச்சுவன்மை பிறவியிலேயே வாய்ப்பது என்று சிலர் எண்ணுவர். கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் திக்குவாயைத் திருத்திக்கொள்ளக் கூழாங்கற்களை வாயில் அடக்கிப் பேசிப் பழகினார் என்ற பழங்கதை யாவரும் அறிந்ததே. தமிழிலும், பொதுமக்கள் முன் நின்று உரைநடையில் பேசுவது மிகப் பழைய வழக்கமன்று. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-ஆம் நாள் தொடங்கிய பிரசங்கங்களை அதன் தொடக்கமாகக் கூறுவர். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நாள்களில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள்முன் பேசினர். கோயிலிலிருந்து ஆலை வாயிலுக்கு அக்கலை வந்து சேர இடையில் அறுபது ஆண்டுகளே சென்றன. பழகியவர்க்கு வருவதே பேச்சு.

பழகுவதற்கு முன்பு ஆசிரியர் வேண்டும், கேட்பவர் வேண்டும். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ள கைப்பேசி அவ்விரு வேலைகளையும் ஓரளவு செய்கிறது. எந்த அளவு என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் என் அனுபவத்தைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கப் பேரவையில், நூல் வழங்குவதில் நேர்ந்த தாமதத்தைப் பற்றிக் கேட்க எழுந்தேன். தலைவருக்கு வணக்கம், குழுவினருக்கு வணக்கம், சங்கத்தின் பழம்பெருமை, என் தந்தையார் பங்கு சேர்ந்த காலம் என்று தொடங்கினேன். மணி அடிக்கப்பட்டது. நூல் என்ற சொல்லை நான் அதுவரை உச்சரிக்கவே இல்லை. “அங்கத்தினரின் வாழ்த்துக்கு நன்றி” என்று கூறித் தலைவர் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டார். அவர் மீது குறை கூற இடமில்லை. நான் கூறியது வாழ்த்தாகத்தான் இருந்தது. என் மகன் அதனைத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தான். வீட்டில் கேட்டபொழுதுதான் ஆறு நிமிடம் வீணானதை உணர்ந்தேன்.

ஆகவே, முதற் கருவி ஒலிப்பதிவுச் செயலியே. பெரும்பாலான கைப்பேசிகளில் இது முன்னதாகவே அமைந்திருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. கூட்டத்தில் சொல்ல நினைப்பதைப் பதிவு செய்து, மறுநாள் காலை கேளுங்கள். உடனே கேட்டால் நாம் சொல்ல நினைத்தது காதில் விழும். மறுநாள் கேட்டால் சொன்னது விழும்.

முதன்முறை கேட்பவர் பலரும் “இது என் குரலே அன்று” என்று முகஞ்சுளித்துப் பதிவை அழித்துவிடுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. நாம் பேசும்பொழுது நம் குரல் காற்றின் வழியே மட்டுமன்றி, மண்டை எலும்பின் அதிர்வு வழியேயும் உட்செவியை அடைகிறது. எலும்பு வழி வரும் ஒலி குரலுக்குக் கனத்தைக் கூட்டிக் காட்டும். பதிவில் அது இல்லாமையால் குரல் மெலிந்து ஒலிக்கிறது. பிறர் என்றும் கேட்டுவரும் நம் குரல் அந்த மெலிந்த குரலே. அவர்கள் அதனால் நம்மைவிட்டு ஓடிவிடவில்லை. நான்கைந்து நாளில் இக்கூச்சம் நீங்கும்.

பதிவைக் கேட்கும்பொழுது கையில் பென்சிலும் தாளும் வேண்டும். “வந்து”, “அதாவது”, “என்னன்னா”, “இந்த” என்று பொருளின்றி வரும் சொற்களுக்கு ஒவ்வொரு கோடு இடுக. ஒரு நிமிடத்தில் இருபது கோடு விழக்கண்டு திகைக்க வேண்டா. அடுத்த சொல்லைத் தேடும் நேரத்தில் வாய் சும்மா இருக்க அஞ்சுவதால் வருபவை அவை. வாயை மூடி ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளப் பழகினால், அந்த இடைவெளி கேட்பவருக்கு இடையூறாகத் தோன்றுவதில்லை, நிதானமாகவே தோன்றும்.

இரண்டாவது கருவி குரல்வழித் தட்டச்சு. கூகிள் நிறுவனத்தின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால், சொல்வது எழுத்தாக வருகிறது. இக்குரலறிதலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நாடுவாரியாகத் தமிழைத் தெரிந்தெடுக்கவும் இடமுண்டு. சொற்களின் கடைசி எழுத்தை விழுங்குவோர், இரு சொற்களை ஒன்றாக உருட்டுவோர் ஆகியோருக்கு இது நல்ல கண்ணாடி. எனினும் இக்கண்ணாடியில் கோணலும் உண்டு. அச்சு, பண்ணை, பாவு, ஊடை, நாடா என்று தறிமேட்டில் புழங்கும் சொற்களை அது வேறெதுவாகவோ எழுதக்கூடும். மதுரையிலும் பரமக்குடியிலும் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் உள்ளனர். கோவை, சேலம் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உடையவர் பலர். அவர்தம் தமிழின் ஓசை வேறாக இருக்கும். கருவிக்குப் புரியவில்லை என்பதற்காக ஒருவர் தம் ஊர்ப்பேச்சை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து வீட்டாருக்குப் புரிந்து கருவிக்குப் புரியாவிடில், பிழை கருவியினுடையது.

இங்கே ஒன்று கூற வேண்டும். வீட்டில் நன்றாகப் பேசுபவர் மேடையில் தடுமாறுவதன் பெருங்காரணம் அச்சமன்று, மொழி மாற்றம். எழுந்தவுடன் பேச்சுத் தமிழை விட்டு எழுத்துத் தமிழுக்குத் தாவுகிறார். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணாவின் மேடைத் தமிழ் பலரையும் மயக்கியது. அதைப் பின்பற்ற முயல்வோர் அடுக்குமொழியைத் தேடுகையில் கணக்கை மறந்துவிடுகின்றனர். பேரவையில் வேண்டுவது கணக்கே. இதே பொருளை ஒருமுறை நண்பரிடம் சொல்வதுபோலவும், ஒருமுறை மேடைத் தமிழிலும் பதிந்து, இரண்டையும் வேறொருவரிடம் போட்டுக் காட்டுங்கள். எது விளங்குகிறது என்று அவர் சொல்லட்டும். (எழுத்துத் தமிழில் இதை நான் எழுதுவது ஏன் என்று கேட்க வேண்டா. படிப்பது வேறு, கேட்பது வேறு.)

ஓர் எடுத்துக்காட்டு. நூல் வழங்குதல் ஆறு மாதத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் தாமதமாயிற்று என்று வைத்துக்கொள்வோம். “நூல் சரியாக வருவதே இல்லை, நாங்கள் எப்படிப் பிழைப்பது?” என்றால், “ஆவன செய்யப்படும்” என்ற விடையுடன் பேச்சு முடியும். “ஆறு மாதத்தில் என் தறி நாற்பது நாள் நூலின்றி நின்றது. தேதிகள் இத்தாளில் உள்ளன. அடுத்த நூல் எந்தத் தேதியில் வரும்?” என்றால், தேதியைச் சொல்லியாக வேண்டும். முன்னது மூச்சு வாங்கும். பின்னதைச் சொல்ல அரை நிமிடமும் ஆகாது. கைப்பேசியில் உள்ள நிறுத்து கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடத்திற்கு மேற்படும் எதுவும் இரண்டு பொருளாக இருக்கும், ஒன்றை விட்டுவிடுக.

இனி, பேச்சுப் பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட செயலிகள். ஓராய், யூட்லி போன்றவை நம் பேச்சைக் கேட்டு, வேகம் எவ்வளவு, வெற்றுச் சொற்கள் எத்தனை என்று கணக்கிட்டு மதிப்பெண் தருகின்றன. இவை ஆங்கிலத்தை மனத்திற் கொண்டு உருவானவை. நிமிடத்திற்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் அளவைத் தமிழுக்குக் கொள்ளலாகாது. வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் தமிழில் சொல்லோடு ஒட்டி வருவதால், ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது நமக்கு ஒரே சொல்லில் அடங்கிவிடும். அந்த வேகத்துக்குத் தமிழைப் பேசினால் கேட்பவர் மூச்சுத் திணறுவர். ஆயினும், கண்காட்சியில் அயல்நாட்டு வணிகரிடம் ஆங்கிலத்தில் துணியை விளக்க வேண்டிய இளைஞருக்கும், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் அவை உதவும். சில செயலிகள் முதற் சில நாள் இலவசம் என்று வங்கி விவரம் கேட்டு வாங்கி, பின்னர்த் தாமாகவே பணம் எடுத்துக்கொள்ளும். ஒப்புமுன் கட்டண விதியை முழுதும் படித்துக்கொள்க.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பெருகியுள்ளன. தமிழில் கேட்டால் தமிழில் விடை தருகின்றன. “நீ சங்கத் தலைவர், என் கோரிக்கையை ஏற்க விருப்பமில்லாதவர், என்னிடம் ஐந்து வினா எழுப்பு” என்று பணித்தால், எதிர்த்தரப்பின் வினாக்களுக்கு முன்னதாகவே விடை தேட முடிகிறது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பயன்மிக்கதாகத் தோன்றியது. ஆனால் விதி எண்ணையும் புள்ளிவிவரத்தையும் அதனிடம் கேளாதீர்கள். அது இல்லாத விதியையும் உள்ளதுபோல் கூசாமல் கூறும். நம் சங்கத்தின் துணை விதிகள் சங்க அலுவலகத்தில் உள்ளன, அவற்றையே நம்புக. மேலும், இச்செயலிகளிடம் சொல்வது பெரும்பாலும் இணைய வழியே நிறுவனத்தின் கணிப்பொறியைச் சென்றடைகிறது. உறுப்பினர் எண், கடன் விவரம், பிறர் பெயர் ஆகியவற்றை அங்கே சொல்ல வேண்டா.

பேச்சோடு கேட்டலும் சேர்ந்ததே தொடர்பு. தறியோசையிலேயே வாழ்நாளைக் கழித்த முதியவர் பலருக்குச் செவி மந்தம். கூட்டத்தில் நடப்பது புரியாமலே கைதூக்கி வருகின்றனர். 2019-இல் வெளிவந்த லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி, எதிரில் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டுகிறது. பிழைகள் வரும் எனினும் முற்றும் அறியாமைக்கு அது மேல். படிக்கத் தெரிந்த பேரனொருவன் அருகில் இருந்தால் இன்னும் நன்று.

தனியே பழகுவது போதுமா எனில், போதாது. கைப்பேசி கொட்டாவி விடுவதில்லை. நூறு கண்கள் நம்மை நோக்கும் அனுபவத்தை அது தர இயலாது. 1924-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரால்ப் சுமெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் கழகத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒருவர் பேச, ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் வெற்றுச் சொற்களை எண்ணுவார். ஒருவர் நிறைகுறை கூறுவார். இதை நாமும் செய்யலாம். தெருவில் ஐவர் சேர்ந்து, வாரம் ஒரு மாலை, ஆளுக்கு இரண்டு நிமிடம். வர இயலாதவர் வாட்ஸப்பில் குரற்செய்தியாக அனுப்பட்டும். பெண் அங்கத்தினர்கள் தனிக் குழுவாகத் தொடங்க விரும்பினால் தடை சொல்ல வேண்டா. நூல் சுற்றுவதிலும் களையெடுப்பதிலும் நேரும் இடர்களை அவர்களே அறிவர், பேரவையில் அவர்கள் குரலே மிகக் குறைவு. ஒருவர் பேச்சை அவர் இசைவின்றிப் பதிவதோ, பதிந்ததைப் பிறருக்கு அனுப்புவதோ கூடாது என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்க. அது மீறப்பட்டால் அடுத்த வாரம் ஒருவரும் வாய் திறவார்.

கூட்ட நாளன்று கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, தேதிகளும் எண்களும் எழுதிய தாளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். கேள்வியின் எழுத்துப் பிரதி ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் அது நம் சொற்களிலேயே ஏறும்.

நான் அடுத்த ஆண்டுப் பேரவையில் மீண்டும் எழுந்தேன். முழங்கால் நடுங்கியது உண்மை. வணக்கத்தை ஒரே சொல்லில் முடித்து, ஒன்றரை நிமிடம் பேசி அமர்ந்தேன். கோரியது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் நூல் வழங்கும் தேதியை மாதந்தோறும் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதுவது என்று அன்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. எனக்குப் பின் வரிசையில் இருந்த இருவரும் அன்று கேள்வி கேட்டனர்.